எழுத்துப் போட்ட கைப்பை

செண்பகவடிவு தனக்கென்று ஒரு கைப்பை தைத்துக்கொண்ட வருடம், சங்கரன்கோவில் நெசவாளர் காலனி இரண்டாம் தெருவில் குழாய்த் தண்ணீருக்கு முறை வைத்ததுபோலத் தேங்காய்க்கும் முறை வைக்க வேண்டி வந்தது. தெருவின் முப்பத்தோரு வீடுகளையும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதி, எதிர்வீட்டு முப்புடாதி தன் வீட்டு நிலையில் ஒட்டிவைத்தாள். அந்தப் பையிலிருந்து தினமும் காலையில் ஒரு தாம்பூலம் வருவதை யாரும் அதிசயம் என்று சொல்லிக்கொண்டதில்லை. முறை மாறிப்போனால் சண்டை மட்டும் போட்டுக்கொண்டார்கள்.

எல்லாம் ஒரு ஜாக்கெட்டில் ஆரம்பித்தது. பேங்க்காரர் மகள் தன் கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தபோது, முதுகுக் கழுத்து இப்படித்தான் வரவேண்டும் என்று போனில் ஒரு நடிகையின் படத்தைக் காட்டினாள். வடிவு படத்தை வாங்கி, விரலால் பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்தாள். பார்த்தது கழுத்தை அல்ல. நடிகையின் முழங்கையில் ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது. அடி அகன்று, வாய் குறுகி, அரைவட்டமாய் இரண்டு பிடி வைத்து, உடம்பு முழுக்க எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு கிடக்கிற பை.

"கழுத்தப் பாருங்கக்கா, கழுத்த."

"கழுத்து எங்கயும் போயிராது. இது என்ன பையிம்மா?"

"அது பெரிய கம்பெனிப் பை. மேல இருக்கிற எழுத்தெல்லாம் கம்பெனிப் பேரு. அந்தப் பேருக்குத்தான் விலையே."

"பேரு எழுதின பைக்கா இவ்வளவு மவுசு?" என்றாள் வடிவு. "எங்க வீட்டுப் பரண் நெறைய கிடக்கே."

பேங்க்காரர் மகள் சிரித்தாள். வடிவு சிரிக்கவில்லை. அவள் மனசுக்குள் அடிப்பாகத்தின் அகலம் ஒன்றரைச் சாண் என்றும், பக்கப் பட்டை நாலு விரல்கடை என்றும், பிடிக்குள் ஏதோ கயிறு வைத்துச் சுற்றியிருக்கிறார்கள் என்றும் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பரணில் கிடந்தவை தாம்பூலப் பைகள். இருபது வருடமாக அந்த ஊரின் மணப்பெண்களுக்கு ஜாக்கெட் தைத்தவள் என்பதால் ஒரு கல்யாணம் விடாமல் அழைப்பு வந்தது. ஒவ்வொரு கல்யாணத்திலும் சாப்பிட்டுக் கை கழுவி வெளியே வரும்போது ஒரு பை கிடைத்தது. மஞ்சள், பச்சை, கத்தரிப்பூ நிறம், வெள்ளையில் சிவப்புக் கரை. எல்லாவற்றிலும் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும், படித்த படிப்பும், இன்னார் இல்லத் திருமண விழா என்ற வரியும். புருஷன் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகான ஒன்பது வருடங்களிலும் பை கொடுத்தார்கள், கொடுக்காமல் விட்டதில்லை. ஆனால் அவள் முறை வரும்போது கொடுக்கிற பெண்ணின் கை அரைக்கணம் நிற்கும். பை மேஜைக்குக் கீழே ஒருதரம் போய், வெற்றிலையையும் குங்குமப் பொட்டலத்தையும் அங்கே விட்டுவிட்டு மேலே வரும். மிகவும் மரியாதையாக, முகம் பார்த்துச் சிரித்தபடியே செய்வார்கள். வேறு யாருக்கும் தெரியாது. வடிவு தையல்காரி, கால் அங்குலம் பிசகினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

நாலு மத்தியானம் உட்கார்ந்து பையைத் தைத்தாள். முதலில் செய்தித்தாளில் அளவு வெட்டினாள். முப்பத்தோரு பைகளைப் பிரித்து, துவைத்து, இஸ்திரி போட்டு, பெயர்கள் விழுகிற இடமாகப் பார்த்து வெட்டினாள். கத்தரியை வைக்கும்போது முதல் பெயரில் கொஞ்சம் தயங்கினாள், பிறகு தயங்கவில்லை. சிரஞ்சீவிகள் நிமிர்ந்தும் சௌபாக்கியவதிகள் சாய்ந்தும், எம்.சி.ஏ.க்கள் தலைகீழாகவும் நிற்க, படத்தில் பார்த்ததுபோலவே எழுத்து எழுத்தாக ஒரு துணி உண்டாயிற்று. விறைப்புக்குக் காலர் கேன்வாஸ், மெத்தென்று இருக்க ஜாக்கெட் கப்புக்கு வைக்கிற ஸ்பாஞ்சு, உள்பக்கம் லைனிங் துணி, அடிக்குப் பட்டுப்புடவை டப்பாவின் அட்டை. ஜிப்பை, மினி பஸ் ஓட்டிய புருஷனின் பழைய பயணப் பையிலிருந்து பிரித்து வைத்தாள். பதினெட்டாம் நம்பர் ஊசி இரண்டு உடைந்தது. நாலாம் நாள் மத்தியானம், பிடியைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பி நின்று பார்த்தாள். நாற்பத்து நாலு வயதில் தனக்கென்று அவள் தைத்துக்கொண்ட முதல் ஆடம்பரம் அதுதான்.

அளவு எடுக்கப் போகிற வீடுகளுக்கு எடுத்துச்செல்லலாம் என்று கத்தரிக்கோல், டேப், சாக்கட்டி எல்லாவற்றையும் உள்ளே போட்டு ஆணியில் மாட்டினாள். மறுநாள் காலையில் கத்தரிக்கோலை எடுக்கக் கைவிட்டபோது கையில் தேங்காய் அகப்பட்டது. குடுமியோடு, உரித்த, முற்றிய காய். அதன் அடியில் ஈரம் உலராத இரண்டு வெற்றிலை, கொட்டைப்பாக்கு, விரலி மஞ்சள், குங்குமப் பொட்டலம், ஒரு காகிதப் பொதியில் மிக்சர். வடிவு எல்லாவற்றையும் எடுத்து முறத்தில் வைத்தாள். பிறகு பையைக் கவிழ்த்துப் பிடியின் தையலைப் பார்த்தாள். தேங்காய்க் கனத்துக்கு ஒற்றைத் தையல் தாங்காது என்று தோன்ற, இரட்டைத் தையல் போட்டாள்.

இரண்டாம் நாளும் வந்தது, மிக்சருக்குப் பதில் முறுக்கு. மூன்றாம் நாள் சின்ன எவர்சில்வர் கிண்ணம். தேங்காயை அரைத்துச் சட்னி வைத்து மகள் இசக்கிப்பிரியாவுக்குக் கட்டிக் கொடுத்தாள். மிச்சத்தை அக்கம்பக்கம் அனுப்பினாள். வெற்றிலையை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. போட்டுப் பழக்கமில்லை, குப்பையில் எறிய மனசு வரவில்லை, யாருக்காவது கொடுக்கலாமென்றால், அவள் கொடுக்கக் கூடாது. ஒரு சொம்புத் தண்ணீரில் செருகி ஜன்னலில் வைத்தாள். ஐந்து நாளில் அந்தச் சொம்பு ஒரு வெற்றிலைக் கொடிக்காலின் மூலைபோல ஆகிவிட்டது.

ஆறாம் நாள் முப்புடாதி வந்தாள். நெசவுத் தறியில் புருஷனுக்குச் சமமாக உட்கார்கிறவள், வெற்றிலை போடாவிட்டால் கை ஓடாது.

"யக்கா, கடைக்காரன் அடச்சிட்டு மச்சான் வீட்டுக்குப் போய்ட்டான். ஒன் சன்னல்ல கிடக்கத ரெண்டு தா."

"எடுத்துக்க. ஜன்னல்லதான இருக்கு."

"நான் எட்டி எடுக்கவா? இடுப்பு பிடிச்சிருக்கு. நீயே தாயேன்."

வடிவு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, இரண்டு வெற்றிலையை எடுத்து, காம்பு முன்னால் இருக்கிறதா நுனி முன்னால் இருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துக்கொண்டு நீட்டினாள். முப்புடாதி வாங்கி, முதுகு நரம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி வாயில் போட்டு, "நல்ல கொழுந்து" என்றாள். அவ்வளவுதான் நடந்தது.

அதன் பிறகு தெரு வந்தது. பசியும் ருசியும் சிக்கனமும் சேர்ந்து வந்தன. ஐயப்பனுக்கு மாலை போடுகிற கார்த்திகை மாதத்தில் தேங்காய் கிடைப்பது லேசா? முதலில் மூன்றுபேர் கேட்டார்கள், பிறகு பத்துப்பேர், பிறகு சண்டை, பிறகு காலண்டர் தாள். வெள்ளிக்கிழமை குங்குமம் தீர்ந்துபோனவள் குங்குமம் கேட்டாள். மசக்கைக்காரி ஒருத்தி பாக்கை மட்டும் கேட்டாள். ஒரு நாளைக்கு ஒரு தாம்பூலம், ஒரு வீட்டுக்கு ஒரு முறை, அதுவும் வடிவு கையைவிட்டு எடுத்துத் தந்தால்தான் வரும். வேறு யார் கைவிட்டாலும் கத்தரிக்கோலும் சாக்கட்டியும்தான் தட்டுப்பட்டன. இசக்கிப்பிரியா விட்டுப் பார்த்து விரலில் ஊசி குத்திக்கொண்டாள்.

எங்கிருந்து வருகிறது என்று கேட்டவர் அந்தத் தெருவில் ஒரே ஒருவர், இன்சூரன்ஸ் ஏஜென்ட். அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் எந்தத் தேங்காய் எந்தக் கல்யாணத்தினுடையது என்பதைத் தெரு இரண்டு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டது. பையில் துண்டுகள் ஒட்டியிருந்த வரிசையில் நாளுக்கு ஒரு கல்யாணமாக வந்தது. மஞ்சள் துண்டு நாளில் மிக்சர். பச்சைத் துண்டு நாளில் முறுக்கு. இரும்புக்கடைத் தங்கப்பழத்தின் துண்டு வருகிற நாளில் லட்டு. தங்கப்பழமே ஒருநாள் வந்து வாசலில் நின்று அந்த லட்டைக் கேட்டு வாங்கித் தின்றான். "அன்னைக்கு எனக்குத் திங்கக் கிடைக்கலக்கா. மாப்பிள்ள மாப்பிள்ளன்னு இழுத்துட்டே திரிஞ்சானுவ" என்று பதினாலு வருடம் கழித்துக் குறைப்பட்டான். பிரிந்துபோன ஒரு ஜோடியின் துண்டும் இருந்தது, கத்தரிப்பூ நிறத்தில். அந்த நாள் வந்தபோது வடிவு கொஞ்சம் பயந்தாள். காய் நன்றாகத்தான் இருந்தது, இளநீர்போலத் தண்ணீர் இனித்தது. அந்தப் பெண்ணுக்குச் சொல்லி அனுப்பினாள். "யாரு வீட்டு முறையோ அவங்களுக்குக் கொடுங்கக்கா, தேங்கா என்ன செஞ்சுது" என்று பதில் வந்தது.

முப்புடாதி தனக்கும் அதேபோல ஒரு பை தைத்துத் தரச் சொன்னாள். வடிவு தைத்துக் கொடுத்தாள். அது வெறும் பையாக இருந்தது, தக்காளி வாங்க உதவியது.

தெருவின் தலைமாட்டில் பூரணத்தின் வீடு. வடிவு புருஷனின் அண்ணன் பெண்டாட்டி, அறுபது வயது, சடங்கு சாங்கியத்தில் எது முன்னால் எது பின்னால் என்று தெருவே அவளைத்தான் கேட்கும். கெட்டவள் இல்லை. கொழுந்தன் போனபிறகு வடிவு வீட்டுக்கு ஒரு வருடம் அரிசி அனுப்பியவள். முதல் மாதம் தன் முறை வந்தபோது தேங்காயை மட்டும் எடுத்துக்கொண்டு வெற்றிலையை ஜன்னல் கட்டையிலேயே வைத்துவிட்டுப் போனாள். இரண்டாம் மாதம், "மாட்டுக்குப் போடுதேன்" என்று சொல்லி வெற்றிலையையும் எடுத்துக்கொண்டாள். மூன்றாம் மாதம் மாட்டைச் சொல்லாமலே எடுத்துக்கொண்டாள். அவள் வீட்டில் மாடு விற்று ஆறு வருடம் ஆகியிருந்தது.

தை பிறந்ததும் இசக்கிப்பிரியாவுக்குப் பாவூர்சத்திரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. வைகாசியில் கல்யாணம். மகள் கல்யாணத்துக்கு அறுநூறு தாம்பூலப் பைகளையும் வடிவே தைத்தாள். வெள்ளைத் துணி, அரக்குக் கரை, பெயர்களை மட்டும் அச்சகத்தில் கொடுத்துப் போட்டாள். தைத்து முடித்த அன்று பூரணத்தின் வீட்டுக்குப் போனாள். கைப்பை தோளில் இருந்தது.

"அக்கா, மணையில நீங்களும் பெரியத்தானும் உக்காந்து தாரை வாத்துக் கொடுங்க. அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. சாப்பிட்டுட்டுப் போறவங்களுக்கு வாசல்ல நின்னு பை கொடுக்கறது மட்டும் நான் செய்யுதேன்."

பூரணம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒரு இணுக்கு முழுவதையும் ஆய்ந்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"நம்ம தெருவுக்கு ஒன் கை பழகிப்போச்சு வடிவு. நான் இல்லங்கல. பாவூர்சத்திரத்துக்காரங்களுக்கு அது என்ன தெரியும்? வாசல்ல ஒருத்தர் வாங்காம கைய இழுத்துக்கிட்டா யாருக்கு அசிங்கம்? ஒனக்கா எனக்கா? பிள்ளைக்கு."

"இழுத்துக்கிட்டா நான் பாத்துக்கிடுதேன்."

"நீ பாத்துக்கிடுவ. அவ பாத்துக்கிடுவாளா, நாளைக்கு அந்த வீட்டுல?"

வடிவு பையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்கு வந்து சொன்னதும் இசக்கிப்பிரியா, "நான் மாப்பிள்ள வீட்டுக்காரங்ககிட்ட பேசுதேம்மா. நீ நிக்கலன்னா எனக்கு அந்த மண்டபமே வேண்டாம்" என்று குதித்தாள். "ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கணும், சும்மா நில்லு" என்று மகளைத் திருப்பி நிறுத்தினாள் வடிவு. பிறகு வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டதால் அதற்குமேல் பேசவேண்டிய அவசியம் வரவில்லை.

கல்யாணத்தன்று காலையில் பைக்குள் ஒன்றும் இல்லை. ஏழு மாதத்தில் முதல் தடவை. கையை விட்டுத் துழாவினாள். கத்தரிக்கோல், டேப், சாக்கட்டி. அதுவும் சரிதான் என்று நினைத்துக்கொண்டு தோளில் மாட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனாள். அவளை ஸ்டோர் ரூமுக்குப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். சர்க்கரை, முந்திரி, நெய் டின், பாக்கு மட்டைத் தட்டு எல்லாவற்றுக்கும் சாவி அவளிடம்தான். சமையல்காரர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "அம்மா" என்று வந்து நின்றார். தாலி கட்டும்போது தூண் ஓரமாக வந்து நின்று பார்த்தாள். யாரும் தடுக்கவில்லை, யாரும் முன்னால் கூப்பிடவும் இல்லை. கெட்டிமேளம் அடங்கியதும் திரும்பிப் போய் நெய் டின்னைத் திறந்து கொடுத்தாள். ஜன்னல் வழியாக மண்டப வாசல் தெரிந்தது. மேஜை போட்டு, அவள் தைத்த அறுநூறு பைகளையும் அடுக்கி, பட்டுப்புடவையில் பூரணம் நின்று ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஓரங்கள் நேராக இருந்தன. அந்தத் தூரத்திலிருந்தும் அவளுக்குத் தெரிந்தது.

முப்புடாதி வாயைத் துடைத்தபடி ஸ்டோர் ரூமுக்குள் வந்தாள். அவள் கையில் ஏற்கெனவே வாசலில் வாங்கிய பை இருந்தது.

"யக்கா, இன்னைக்கு எங்க வீட்டு முறை."

"எட்டி, ஒனக்குத்தான் அங்க தந்தாச்சே."

"அது கல்யாணத்துக்குத் தந்தது. இது முறை. முறைய விட்டா இனி அடுத்த மாசம்லா. காலண்டர்ல போட்டிருக்கு, வந்து பாரு."

"காலையில ஒண்ணும் வரலட்டி" என்று சொல்லிக்கொண்டே, சொன்னால் நம்பமாட்டாள் என்று காட்டுவதற்காக வடிவு பைக்குள் கையை விட்டாள். தேங்காய் இருந்தது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு காகிதப் பொதியில் லட்டு. லட்டு, பக்கத்துச் சமையலறையில் அப்போதுதான் பிடித்து வைத்ததுபோலக் கை சுட்டது. முப்புடாதி முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டு போனாள்.

போகிற வழியில் சும்மா போனாளா? மூன்றாம் வீட்டுக்காரி வந்துவிட்டாள். "நாளைக்கு எங்க முறை. நாளைக்கு நீ மறுவீட்டுக்குப் பாவூர்சத்திரம் போயிருவ. இன்னைக்கே தந்துரு." அவளுக்கும் இருந்தது. "அப்ப நாளக்கழிச்சு எங்களுக்கு" என்று அடுத்தவள். ஒரு நாளைக்கு ஒன்று என்று ஏழு மாதம் நின்ற பை அன்று ஒன்றோடு நிற்கவில்லை. கைவிட்டபோதெல்லாம் இருந்தது, எடுக்க எடுக்க இருந்தது, இரட்டைத் தையல் போட்ட பிடி முறுக்கேறிக் கிறீச்சிட்டது, சிரஞ்சீவிகளும் சௌபாக்கியவதிகளும் புடைத்துக்கொண்டு நின்றார்கள், அறை முழுக்க லட்டின் நெய் வாசனை. தெருக்காரர்கள் ஸ்டோர் ரூம் கதவுக்கு வெளியே நீளமாக நின்றார்கள்.

கல்யாண மண்டபத்தில் ஒரு வரிசையைப் பார்த்தால் அது என்ன வரிசை என்று கேட்டுக்கொண்டு நிற்பவர் யார்? பை கொடுக்கிற இடம் இதுதான்போல என்று நினைத்துக்கொண்டு பாவூர்சத்திரத்துக்காரர்கள் வந்து கடைசியில் ஒட்டிக்கொண்டார்கள். ஒருவர் நின்றதும் பத்துப்பேர் நின்றார்கள். வேனுக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தார்கள், குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டார்கள், வாங்கினார்கள், போனார்கள். வடிவு முகங்களைப் பார்க்கவில்லை. குனிந்து, எடுத்து, இரண்டு கையாலும் கொடுத்தாள். வாசலில் பூரணத்தின் மேஜைக்கு முன்னால் ஆளே இல்லை.

அந்த வரிசையில், பின்னால் நின்ற தன் அக்காளோடு பந்தியில் பாயசம் தீர்ந்துபோனதைப் பற்றிப் பேசிக்கொண்டே நகர்ந்து வந்தாள் சண்முகத்தாய். மாப்பிள்ளையின் அம்மா. முகத்தைப் பின்னால் திருப்பியபடியே இரண்டு கையையும் நீட்டித் தாம்பூலத்தை வாங்கிக்கொண்டாள். வாங்கிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே சம்பந்தி, நெற்றியில் திருநீறு மட்டும் வைத்துக்கொண்டு.

"எட்டி, இது பொண்ணோட அம்மால்லா" என்றாள் பின்னால் நின்ற அக்காள், மெதுவாகத்தான் சொன்னாள், எல்லோருக்கும் கேட்டது.

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வாசலில் ஆள் வராததற்குக் காரணம் தேடிக்கொண்டு வந்த பூரணம் சரியாக அந்த நேரத்தில் கதவண்டை வந்து, மூச்சு வாங்க, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வடிவு நீட்டிய கையை மடக்க மறந்து நின்றாள். மகள்தான் அவளுக்கு ஞாபகம் வந்தாள். கொக்கி வைக்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாளே, அந்த முதுகு.

சண்முகத்தாய் கையிலிருந்த வெற்றிலையைப் பார்த்தாள். குங்குமப் பொட்டலத்தைப் பார்த்தாள். திருப்பிக் கொடுக்க முடியாது. தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுப்பவர்கள் கிடையாது. கீழே வைக்கவும் முடியாது. இதற்குள் லட்டுப் பொதி அவள் உள்ளங்கையைச் சுட்டது. இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள், அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றினாள், கடைசியில் முந்தானையை விரித்து எல்லாவற்றையும் அதில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். போய்விடுவாள் என்று நினைத்தார்கள். அவள் போகவில்லை.

"மதினி," என்றாள், "எங்க பக்கத்து வீட்டுக்காரி முழங்கால் வலியில வரமுடியல. எனக்கு ஒண்ணு வாங்கிட்டு வா, வாங்கிட்டு வான்னு நூறு தடவ சொல்லிவிட்டா. அவளுக்கும் சேத்து ஒண்ணு தாங்க."

வடிவுக்குக் கை எழவில்லை. பூரணம் நிலையை விட்டுவிட்டு உள்ளே வந்தாள். வடிவின் தோளில் தொங்கிய பையின் வாயை இரண்டு கையாலும் அகலமாக விரித்துப் பிடித்துக்கொண்டாள்.